விதியா, பொருளா? அண்டத்தின் அளவில் ஈர்ப்பைச் சோதித்தல்

தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனைக்குப் போய், அலை காலை நனைக்கும் இடத்தில் நின்று கைப்பேசியில் உயரம் காட்டும் ஜிபிஎஸ் செயலி ஒன்றைத் திறந்து பாருங்கள். பல செயலிகள் அங்கே சுழியத்தைக் காட்டுவதில்லை. மைனஸ் 90-க்கும் கீழே ஓர் எண்ணைக் காட்டுகின்றன. கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். கெடவில்லை. துருவங்களில் சற்றுத் தட்டையான, வழவழப்பான ஒரு கோளமாகப் பூமியைக் கருதிக்கொண்டு, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து அச்செயலி உயரத்தைக் கணக்கிடுகிறது. அந்தப் பரப்போடு ஒப்பிட்டால் ராமநாதபுரத்துக் கடல் மெய்யாகவே 90 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. இன்னும் தெற்கே, இலங்கைக்கும் அப்பால் இந்தியப் பெருங்கடலில், இந்தத் தாழ்வு 106 மீட்டர் அளவை எட்டுகிறது. உலகக் கடல்மட்டத்தில் இதைவிடத் தாழ்ந்த இடம் வேறில்லை.

கப்பலில் போகிறவருக்கு இந்தப் பள்ளம் தெரியாது. ஈர்ப்பு எங்கே எப்படி இழுக்கிறதோ அதற்கு ஏற்ப நீர் தன்னைச் சமன்செய்துகொள்வதால், அதன் பரப்பில் எந்த இடமும் சரிவாக இருப்பதில்லை. 1948-இல் டச்சுப் புவி இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் வெனிங் மைனெஸ், கப்பலில் இருந்தபடி செய்த ஈர்ப்பு அளவீடுகளில்தான் இது முதன்முதலில் தெரிய வந்தது. அங்கே ஈர்ப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஏன் என்ற கேள்விக்குப் பல பதில்கள் வந்தன. 2023-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பூமியின் உட்பகுதியில் 14 கோடி ஆண்டுகள் நடந்தவற்றைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். மறைந்துபோன டெத்திஸ் கடலின் அடித்தளப் பாறைகள் ஆழத்தில் அமிழ்ந்து ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்த சூடான பொருளைக் கலைத்துவிட, அடர்த்தி குறைந்த அந்தச் சூடான பொருள் மேலெழுந்து இப்பகுதிக்குக் கீழே பரவியதே காரணம் என்றார்கள்.

இந்த 75 ஆண்டு விவாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். இந்தியப் பெருங்கடலில் நியூட்டனின் விதி வேறாக இருக்குமோ என்று அதில் யாரும் கேட்கவில்லை. ஈர்ப்பு கணக்கோடு ஒத்துப்போகாதபோது பொருளைத்தான் தேடினார்கள். எங்கே எவ்வளவு குறைகிறது, என்ன ஆழத்தில் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டது சரி, பதிலும் கிடைத்தது. ஆனால் எப்போதும் அப்படிக் கேட்பது சரியாகுமா?

வானியலின் வரலாறு இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. யுரேனஸின் ஓட்டம் கணக்கோடு பொருந்தாதபோது பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, கண்ணுக்குப் படாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்றார். 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பாதையிலும் ஒரு சிறு பிசகு இருந்தது. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை). அதற்கும் அவர் வல்கன் என்றொரு கோளைச் சொன்னார். பல பத்தாண்டுகள் தேடியும் அது கிடைக்கவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றி எழுதியபோது அந்த 43 விகலை தானாக வந்து உட்கார்ந்தது. முதல் பிசகுக்குக் காரணம் பொருள். இரண்டாவதற்குக் காரணம் விதி. பிசகைப் பார்த்த மாத்திரத்தில் எது எந்த வகை என்று சொல்ல லெ வெரியேவாலும் முடியவில்லை.

இன்று அதே இக்கட்டு அண்டத்தின் அளவில் வந்திருக்கிறது. 1998-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்து, அண்டத்தின் விரிவு மெதுவாகவில்லை, வேகமெடுக்கிறது என்று கண்டன. 2011-இல் சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு இதை விளக்க வேண்டுமானால், அண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு எதுவென்றே தெரியாத கரும் ஆற்றலாக இருக்க வேண்டும். இன்னொரு 25 விழுக்காடு ஒளியை உமிழாத கரும்பொருள். நாமும் கடலும் விண்மீன்களும் சேர்ந்து மீதி 5 விழுக்காடு. வெற்றிடத்துக்கே உரிய ஆற்றல்தான் அந்த 70 விழுக்காடு என்று கொண்டு குவாண்டம் இயற்பியலைக் கேட்டால், அது தரும் எளிய மதிப்பீடு அளந்ததைவிட 1-க்குப் பின் 120 சுழியங்கள் இட்ட மடங்கு பெரியது. இயற்பியலில் இதைவிட மோசமான கணிப்பு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "கணக்கில் 95 விழுக்காடு தெரியாத பொருள் என்றால் கணக்கே தப்பாக இருக்கலாமே, சார்?" என்று கேட்டாள். மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது இந்தக் கேள்விதான். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் பூமிக்கு அருகிலும் சூரியக் குடும்பத்திலும் சரியாக இருக்கலாம். நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலும் அதுவே சரி என்று யார் பார்த்தார்கள்?

அருகில் அது எவ்வளவு சரி என்பதற்கு இந்தக் கரையில் ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. ராமேசுவரத்திலிருந்து போகும் விசைப்படகுகள் ஜிபிஎஸ் கருவி இல்லாமல் பாக் நீரிணையில் இறங்குவதில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அந்தச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும். அங்கே ஈர்ப்பு குறைவாக இருப்பதால் 45 மைக்ரோ விநாடி கூடுகிறது, வேகத்தால் 7 குறைகிறது. இந்த 38 மைக்ரோ விநாடியில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவே 1974-இல் வரையப்பட்ட எல்லைக்கோடு. 11 கிலோமீட்டர் பிசகு என்பது அந்தக் கடலில் ஒருவர் வீடு திரும்புவாரா, சிறைக்குப் போவாரா என்பதைத் தீர்மானிக்கும் தூரம். ஐன்ஸ்டைனின் திருத்தத்தை அமைப்பிலேயே சேர்த்துவிட்டதால்தான் கருவியை நம்பிப் போக முடிகிறது.

ஆனால் கடிகாரம் ஈர்ப்பின் ஒரு பாதியைத்தான் சோதிக்கிறது. மறுபாதியைச் சொல்வதற்கும் இதே கரை உதவும். 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் சுமார் 10 நிமிடம் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்ட கங்கண கிரகணம் அது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் தொலைநோக்கிகளோடு வந்து மணலில் காத்திருந்தார்கள். கண்கொள்ளாக் காட்சிதான். இருந்தாலும் ஐன்ஸ்டைனைச் சோதிக்க அது பயன்படாது. நிலவைச் சுற்றி ஒளி வளையம் மிஞ்சுவதால் வானம் இருள்வதில்லை, சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் விண்மீன்கள் தெரிவதில்லை. முழுக் கிரகணம் வேண்டும். 1919 மே 29-இல் பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ரால் ஊரிலும் பிரிட்டிஷ் குழுக்கள் காத்திருந்தது அதற்காகத்தான்.

அவர்கள் தேடிய எண் 1.75 விகலை. சூரியனை உரசிக்கொண்டு வரும் விண்மீன் ஒளி அவ்வளவு வளைய வேண்டும் என்றது புதிய கோட்பாடு. நியூட்டனின் வழியில் கணக்கிட்டால் அதில் சரிபாதி, 0.87 விகலைதான் வரும். 1911-இல் ஐன்ஸ்டைனே அந்தப் பாதியைத்தான் கணக்கிட்டிருந்தார். மறுபாதி எங்கிருந்து வந்தது? பொருளின் அருகே காலம் மெதுவாக ஓடுவதால் ஒரு பாதி வளைவு. அந்த இடத்தில் வெளியும் வளைந்திருப்பதால் இன்னொரு பாதி. மெதுவாக நகரும் கல், கோள், பேரடை (கோடிக்கணக்கான விண்மீன்கள் கூடிய தொகுதி) எதுவானாலும் காலத்தின் மாற்றத்தை மட்டுமே உணர்கிறது. வெளியின் வளைவு அதற்கு ஏறத்தாழப் பொருட்டே இல்லை. ஒளி இரண்டையும் சம அளவில் உணர்கிறது. பொதுச் சார்பியலில் இவ்விரண்டு வளைவுகளும் சமம். வேறெந்தத் திருத்தக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டாலும், பெரும்பாலும் இந்தச் சமத்தில்தான் கை வைக்கிறது.

ஆகவே அண்டவியல் சோதனையின் சாரம் இரண்டு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பது. ஒரே பொருட்குவியலைச் சுற்றி மெதுவாக நகர்பவை என்ன சொல்கின்றன, அதைக் கடந்து வரும் ஒளி என்ன சொல்கிறது என்று பார்ப்பது. இரண்டும் ஒரே எடையைச் சொன்னால் விதி சரி, பொருள்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு வேறு எடை சொன்னால் எவ்வளவு கரும்பொருளைக் கொண்டுவந்து கொட்டினாலும் சரிக்கட்ட முடியாது. இந்தியப் பெருங்கடலில் எழுந்த கேள்வியை இங்கே ஊகத்தால் அல்லாமல் அளவீட்டால் தீர்க்க வழியிருக்கிறது என்பதுதான் இத்துறையின் அழகு.

சூரியனுக்கு அருகில் இந்த விசாரணை முடிந்தாயிற்று. சனிக்குப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலத்தின் வானொலி அலைகள் சூரியனை ஒட்டி வந்தபோது எடுத்த அளவீடு 2003-இல் வெளியானது. இரு வளைவுகளும் சமம், பிழை வரம்பு ஒரு லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு. இதற்குப் பிறகும் மாற்றுக் கோட்பாடுகள் எப்படி உயிரோடு இருக்கின்றன என்று கேட்கலாம். அவற்றை உருவாக்கியவர்கள் மறைப்பு உத்தி ஒன்றைச் சேர்த்தே உருவாக்கியிருக்கிறார்கள்.

ஈர்ப்போடு கூடுதலாக ஐந்தாவது விசை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 2004-இல் ஜஸ்டின் கூரியும் அமண்டா வெல்ட்மனும் முன்வைத்த பச்சோந்தி மாதிரியில், அந்த விசையைச் சுமக்கும் துகள் சுற்றுப்புறத்துக்கு ஏற்பத் தன் நிறையை மாற்றிக்கொள்ளும். பொருள் அடர்ந்த இடத்தில் கனத்துப்போய், விசை மிகச் சிறு தூரத்தைக்கூடத் தாண்டாது. பேரடைகளுக்கு இடைப்பட்ட வெட்டவெளியில் இலேசாகி வெகுதூரம் எட்டும். 1972-இலேயே ஆர்கடி வைன்ஷ்டைன் காட்டிய வேறொரு வழியும் உண்டு. அதில் பெரும் பொருளுக்கு அருகே விசை தன்னைத்தானே அமுக்கிக்கொள்கிறது. ஆய்வகத்திலும் சூரியக் குடும்பத்திலும் ஒன்றும் தெரியாது, அண்டத்தின் அளவில் மட்டும் வெளிப்படும். அகப்படாமல் இருப்பதற்கென்றே செய்த ஏற்பாடு என்று எரிச்சல்படுவோர் உண்டு. அந்த எரிச்சலில் ஓரளவு எனக்கும் பங்கு உண்டு. ஆயினும் எங்கே ஒளியும் என்று முன்கூட்டியே சொல்லும் கோட்பாடு, எங்கே தேட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 2007-இல் வேய்ன் ஹூவும் இக்னாசி சவிட்ஸ்கியும் அமைத்த எஃப்-ஆர் என்னும் மாற்று ஈர்ப்பு மாதிரி, மறைப்பு இல்லாத இடங்களில் பொருள்களுக்கிடையே ஈர்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்கிறது. ஒளியின் வளைவு மட்டும் ஏறக்குறைய மாறாது. ஒரு சாட்சி மட்டும் மாற்றிப் பேசும் என்பது இதன் பொருள்.

முதல் சாட்சியை, அதாவது பேரடைகளின் நகர்வை, எப்படி விசாரிப்பது? ஒரு பேரடையின் தொலைவை அதன் ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்ற செம்பெயர்ச்சியைக் கொண்டு சொல்கிறோம். அண்ட விரிவால் வரும் பெயர்ச்சியோடு அந்தப் பேரடையின் சொந்த ஓட்டமும் அதில் கலந்திருக்கும். இரவில் பாம்பன் கரையிலிருந்து பார்த்தால் கடலில் படகு விளக்குகள் மட்டுமே தெரியும், அவற்றை இழுக்கும் நீரோட்டம் தெரியாது. ஒன்றிரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனால் நூற்றுக்கணக்கான விளக்குகள் ஒரே பக்கம் நெருங்குவதைக் கண்டால் ஓட்டத்தின் திசையும் வேகமும் பிடிபட்டுவிடும். பேரடைகளும் அப்படித்தான். பெரும் பொருட்குவியல் ஒன்றை நோக்கி அவை விழுந்துகொண்டிருப்பதால், செம்பெயர்ச்சியை மட்டும் கொண்டு வரைந்த வரைபடத்தில் அவற்றின் அடுக்கு நம் பார்வைக்கோட்டின் திசையில் சற்று நசுங்கித் தெரிகிறது. 1987-இல் நிக் கைசர் இந்த நசுக்கலின் அளவிலிருந்து விழும் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தந்தார். இன்றுவரை அதன் மேல்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது.

இரண்டாம் சாட்சி ஒளி. தொலைதூரப் பேரடையின் ஒளி வழியில் உள்ள பொருளால் வளைந்து வரும்போது அதன் உருவம் இழுபட்டுத் தெரியும். இழுபாடு பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குதான். பேரடைகள் இயல்பிலேயே வட்டமாக இல்லாததால் தனியொரு பேரடையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் எடுத்துச் சராசரி பார்த்தால்தான் ஒரே திசையில் சாயும் போக்கு வெளிவரும். தொலைநோக்கியின் கண்ணாடி சற்று நெளிந்தாலும், காற்றுமண்டலம் கொஞ்சம் கலங்கினாலும் அதே அளவு இழுபாடு வந்துவிடும். இத்துறையில் உழைப்பின் பெரும்பகுதி அந்தப் போலி இழுபாட்டைக் களைவதிலேயே கழிகிறது.

இரு சாட்சியங்களையும் முதன்முறையாக நேருக்கு நேர் நிறுத்தியது 2010-இல் வந்த ஓர் ஆய்வு. ரெய்னாபெல் ரேயஸும் உடன் ஆய்வாளர்களும் ஸ்லோன் வான ஆய்வில் பதிவான 70,000-க்கும் மேற்பட்ட சிவந்த பேரடைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒளியின் வளைவையும் விழும் வேகத்தையும் விகிதமாக்கினால், பேரடைகள் கரும்பொருளை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றுகின்றன என்ற தொல்லை தரும் ஐயம் அடிபட்டுப்போகும்படி ஓர் அளவு கிடைக்கிறது. பொதுச் சார்பியல் அதற்கு 0.4 என்றது. அளந்தது 0.39, பிழை வரம்பு 0.06. கரும்பொருளே இல்லை, விதிதான் வேறு என்று சொல்ல 2004-இல் யாக்கோப் பெக்கன்ஸ்டைன் அமைத்த டெவெஸ் கோட்பாட்டின் ஒரு வடிவம் 0.22 என்று கணித்திருந்தது. அது அப்போதே வெகுவாகத் தளர்ந்தது. எஃப்-ஆர் மாதிரிகளோ 0.33-க்கும் 0.37-க்கும் நடுவே கணித்ததால் தப்பித்தன. அளவீடு நேர்த்தியானதுதான், பிழை வரம்பு அகலமாக இருந்தது.

இன்னொரு வழி, விரிவையும் வளர்ச்சியையும் ஒப்பிடுவது. அண்டம் எவ்வளவு வேகமாக விரிந்தது என்ற வரலாறு தெரிந்துவிட்டால், அதில் பொருள் எவ்வளவு விரைவாகக் கூடித் திரள வேண்டும் என்பதைப் பொதுச் சார்பியல் வேறு வழியின்றிச் சொல்லிவிடும். வளர்ச்சி வீதம் பொருள் அடர்த்தியின் 0.55 அடுக்காக இருக்க வேண்டும் என்று வாய்பாடே உண்டு. 2000-இல் டுவாலி, கபதாட்சே, பொராட்டி மூவரும் நம் வெளிக்கு அப்பால் கூடுதல் பரிமாணம் ஒன்று இருப்பதாகக் கொண்டு ஒரு கோட்பாடு அமைத்தார்கள். கரும் ஆற்றல் இல்லாமலேயே அது அண்டத்தை வேகமெடுக்க வைக்கும் என்று பின்னர் தெரிந்தது. அங்கே அந்த அடுக்கு 0.68. கோட்பாடு அழகானது, பலருக்குப் பிடித்தமானது. அண்டத்தின் குழந்தைப் பருவத்திலிருந்து வரும் ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியும் விண்மீன் வெடிப்புத் தரவுகளும் சேர்ந்து பத்தாண்டுக்குள் அதை ஒதுக்கிவிட்டன.

மற்றபடி அங்குலம் அங்குலமாக நகரும் இந்தத் துறையில் ஒரு நாள் மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடிந்தது. 2017 ஆகஸ்ட் 17. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலை (வெளியிலேயே பரவும் அதிர்வு) பூமியை வந்தடைந்தது. 1.7 விநாடி கழித்துக் காமாக் கதிர் வந்தது. ஏறத்தாழ 40 கோடி கோடி விநாடிகள் பயணம் செய்த பின் வித்தியாசம் 1.7 விநாடி என்றால், ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்குக்குள் ஒன்றுதான். 1974-இல் கிரிகோரி ஹார்ண்டெஸ்கி எழுதிய பொதுவான சமன்பாட்டிலிருந்து பிறந்த மாற்றுக் கோட்பாடுகள் ஏராளம். அவற்றில் பல, அண்டத்தை வேகமெடுக்க வைக்க ஈர்ப்பலையின் வேகத்தைச் சற்று மாற்றியே தீர வேண்டியிருந்தது. அந்த 1.7 விநாடி அவற்றை மொத்தமாக அடித்துப்போட்டது. அதன்பின் சில மாதங்களில் வந்த கட்டுரைகளின் தலைப்புகளைப் பார்த்தால் இரங்கல் செய்திகளைப் படிப்பது போலவே இருக்கும். எஃப்-ஆர் மாதிரியில் ஈர்ப்பலை ஒளியின் வேகத்திலேயே செல்வதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நெருக்கியது வேறொன்று: ஈர்ப்பு கூடினால் பேரடைக் கொத்துகள் அதிகம் உருவாகும்; தென்துருவத் தொலைநோக்கி எண்ணிய கொத்துகள் அப்படி மிகையாக இல்லை.

இனி எச்சரிக்கைக்கான கதை. சிலியில் உள்ள தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு நடந்த கிட்ஸ் ஆய்வு, பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதற்கான அளவை 2020-இல் 0.77 அளவில் வைத்தது. பிளாங்க் விண்கலம் அண்டத்தின் குழந்தைப் பருவ ஒளியிலிருந்து கணித்ததோ 0.83. பின்னாளில் பொருள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் திரண்டிருக்கிறது என்றால், ஈர்ப்பு பலவீனமாகிவிட்டதோ? அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்த இடைவெளியை நிரப்ப வந்த கோட்பாடுகளுக்குக் கணக்கில்லை. 2025-இல் அதே குழு, கூடுதல் வானப்பரப்போடும் பேரடைகளின் தொலைவைத் திருத்தமாகக் கணிக்கும் முறையோடும் திரும்பி வந்தது. புதிய மதிப்பு 0.815. பிளாங்கோடு சண்டையே இல்லை. இடைவெளியை நிரப்பிய கோட்பாடுகளெல்லாம் இல்லாத ஓட்டையை அடைத்தவை ஆகிவிட்டன.

விதியைச் சந்தேகிக்கும் முன் பொருளைப் பற்றிய அறியாமையை எண்ணிப் பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான். அந்த அறியாமை ஒரே வகையானதும் அல்ல. பேரடைகள் அருகருகே உருவாகும்போது இயல்பாகவே ஒரே பக்கம் சாய்ந்திருக்கக்கூடும். அது ஒளி வளைவு போலவே தெரியும். பேரடை மையங்களிலுள்ள கருந்துளைகள் வாயுவை வெளியே ஊதித் தள்ளுகின்றன. அதுவும் திரட்சியைக் குறைக்கும். எல்லாவற்றிலும் தந்திரமானது நியூட்ரினோ. அதற்கு நிறை உண்டு என்பது உறுதி, எவ்வளவு என்பது இன்னும் அளக்கப்படவில்லை. விரைந்து ஓடும் நியூட்ரினோக்கள் திரட்சியைக் கரைக்கின்றன. எஃப்-ஆர் ஈர்ப்பு திரட்சியைக் கூட்டுகிறது. இரண்டும் தக்க அளவில் சேர்ந்தால் ஒன்றையொன்று மறைத்துவிட்டுப் பொதுச் சார்பியல் போலவே தோற்றம் தரும். ஒரே ஒரு வகை அளவீட்டை வைத்து எழும் எந்த அறிவிப்பையும் நான் நம்பாததற்கு இது போதும்.

இப்போதைய நிலவரம் என்ன? அரிசோனாவின் கிட் பீக் மலையில் 4 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய டெசி கருவி, 5,000 கண்ணாடி இழைகளை எந்திரக் கைகளால் நகர்த்தி ஒரே நேரத்தில் 5,000 பேரடைகளின் ஒளியைப் பிரித்துப் பார்க்கிறது. 2024 நவம்பரில் அதன் முதலாண்டுத் தரவு, ஏறத்தாழ 60 லட்சம் பேரடைகளையும் குவாசர்களையும் (மிகப் பிரகாசமான பேரடை மையங்கள்) கொண்டு, 1,100 கோடி ஆண்டுகளில் திரட்சி எப்படி வளர்ந்தது என்று காட்டியது. வளர்ச்சி பொதுச் சார்பியல் சொன்னபடியே இருந்தது. பிற ஆய்வுகளின் ஒளி வளைவையும் நுண்ணலைப் பின்னணியையும் சேர்த்துக்கொண்டால், ஒளி உணரும் ஈர்ப்பு ஐன்ஸ்டைனின் மதிப்பிலிருந்து விலக இடமிருப்பது சுமார் 5 விழுக்காடு. மெதுவாக நகரும் பொருள் உணரும் ஈர்ப்பில் சுமார் 20 விழுக்காடு. செய்தித் தலைப்புகள் "மீண்டும் வென்றார் ஐன்ஸ்டைன்" என்றன. சூரியனுக்கு அருகில் லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு வரை தெரிந்த ஒன்றை, அண்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தாராளத்தோடு தெரிந்துகொண்டிருக்கிறோம் என்பதே உண்மை. இதை வெற்றி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஐன்ஸ்டைன் தோற்றார் என்ற தலைப்புகளைவிட இது பரவாயில்லை, அவ்வளவுதான்.

2025 மார்ச்சில் அதே டெசி இன்னொரு குண்டைப் போட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பேரடைகளையும் குவாசர்களையும் கொண்ட தரவில், கரும் ஆற்றல் மாறிலியாக இல்லாமல் காலப்போக்கில் மாறுவதற்கான அறிகுறி தெரிகிறது. அதன் உறுதி, எந்த விண்மீன் வெடிப்புத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை (சிக்மா கூடக்கூட அது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறையும்). தரவை அப்படியே ஏற்றால், கரும் ஆற்றலின் அடர்த்தி முற்காலத்தில் கூடிக்கொண்டிருந்து பின்னர் குறையத் தொடங்கியிருக்கிறது. பொதுச் சார்பியலுக்குள் நின்றுகொண்டு வெளியெங்கும் பரவிய எளிய புலம் ஒன்றை மட்டும் வைத்து இப்படி மேலேறிக் கீழிறங்குவதைச் செய்ய முடியாது. ஈர்ப்போடு நேரடியாகப் பிணைந்த புலமானால் முடியும். ஆகவே 2017-இல் அடி வாங்கிப் படுத்த கோட்பாடுகளின் உறவினர் சிலர் இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விண்மீன் வெடிப்புத் தொகுப்பை மாற்றினால் உறுதியும் இவ்வளவு ஆடுகிறதே என்பது எனக்கு உறுத்துகிறது. கிட்ஸ் கதை நடந்து அதிக நாள் ஆகவில்லை.

தீர்ப்பைத் தரக்கூடிய கருவிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. 2023 ஜூலை 1-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலம், 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் காற்றுமண்டலத்தின் கலக்கமே இல்லாத இடத்தில் நின்று, வானத்தின் மூன்றில் ஒரு பங்கைப் படமெடுக்கிறது. அதன் தனிச்சிறப்பு இரண்டு சாட்சிகளையும் ஒரே கருவியில் வைத்திருப்பது: உருவ இழுபாட்டை அளக்க ஒரு கேமரா, செம்பெயர்ச்சியை அளக்க ஒரு நிறமாலைமானி. சிலியின் வேரா ரூபின் ஆய்வகம் 8.4 மீட்டர் கண்ணாடியோடு 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. யூக்ளிட்டின் முதல் பெரிய அண்டவியல் தரவை 2026 அக்டோபரில் வெளியிடத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

அந்த மாணவி மறுபடி கேட்டால் என்ன வந்தால் நம்பலாம் என்று சொல்வேன். கரும் ஆற்றல் மாறுகிறது என்ற செய்தி மட்டும் வந்தால் போதாது. அது வேறு வகைப் பொருளாகவும் இருக்கலாம். யூக்ளிட்டின் ஒளி வளைவும் பேரடைகள் விழும் வேகமும், ஒரே வானப்பகுதியில், ஒரே காலகட்டத்தில், ஒன்றோடொன்று முரண்பட வேண்டும். டெசியின் செம்பெயர்ச்சிகளையும் ரூபினின் படங்களையும் கொண்டு வேறொரு குழு அதையே செய்யும்போது முரண்பாடு அதே திசையில், அதே அளவில் வர வேண்டும். நியூட்ரினோவின் நிறையை ஏற்றியும் இறக்கியும் பார்த்த பிறகும் அது நிற்க வேண்டும். அப்போது விதியைத் திறந்து பார்க்கலாம். அதுவரை பொருளைத் தேடுவதில் தவறில்லை.